ஏற்காட்டில் வில்லோ மரம் தேடிய கதை

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் கீழ் எல்லை ஒரு ஓடை. அந்த ஓடை வளைகிற இடத்தில் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் கரை சரிந்துகொண்டே வந்தது. "வருசத்துக்கு ஒரு மொழம் போகுதுடா. எம்பேரன் காலத்துல ஓடை நடு வீட்டுக்குள்ள வந்துரும்" என்பார் சித்தப்பா. கல் அடுக்கிப் பார்த்தார். அடுத்த வெள்ளத்தில் கல்லும் சேர்ந்து போனது.

அந்தச் சமயத்தில்தான் ஐரோப்பாவில் ஓடைக்கரை சரியாமல் இருக்க வில்லோ கிளைகளை நடுவதைப் பற்றிப் படித்தேன். வேரே இல்லாத வெறும் குச்சியைக் கரையில் செருகினால் போதும், அதுவே வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று இருந்தது. கேட்க நன்றாக இருந்தது. சேலத்தில் ஒரு நர்சரியில் "வீப்பிங் வில்லோ" என்று அட்டை கட்டியிருந்த மூன்று கன்றுகளை வாங்கிக்கொண்டு போய் நட்டேன். இலை நீளமாக, கிளை தழைந்து தொங்கியபடி, படத்தில் பார்த்த மாதிரியேதான் இருந்தன.

மூன்றாம் வருடம் சித்தப்பா போன் செய்தார். "உன் வில்லோ பூத்துருச்சு, வந்து பாரு." போய்ப் பார்த்தால் மரம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பாட்டில் கழுவும் பிரஷ் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் நட்டது வில்லோவே இல்லை. பாட்டில் பிரஷ் மரம். ஆஸ்திரேலியாக்காரன். கரையோ அந்த மூன்று வருடத்தில் இன்னும் இரண்டு முழம் போயிருந்தது.

இந்தக் கட்டுரை அந்த ஏமாற்றத்தில் தொடங்கியது. வில்லோவை எப்படி அடையாளம் காண்பது, நம் மலையில் வில்லோ உண்டா, உண்டென்றால் எப்படி வளர்ப்பது என்று அதற்குப் பிறகு தேடிச் சேர்த்த குறிப்புகள் இவை.

ஏமாந்தது எங்கே?

நர்சரிக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் குழப்பம் தாவரவியல் பெயரிலேயே இருக்கிறது. நான் வாங்கிய பாட்டில் பிரஷ்ஷின் பெயர் கல்லிஸ்டெமன் விமினாலிஸ். 'விமினாலிஸ்' என்றால் கூடை முடைய ஏற்ற நீண்டு வளையும் கிளைகளை உடையது என்று பொருள். ஐரோப்பாவில் கூடை பின்னப் பயன்படும் வில்லோ ஒன்றின் பெயரும் சாலிக்ஸ் விமினாலிஸ்தான். இரண்டுக்கும் கிளை தழைந்து வளையும், அதனால் ஒரே அடைமொழி. உறவு ஒன்றும் கிடையாது. பாட்டில் பிரஷ், யூகலிப்டஸும் நாவலும் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை.

பூக்கும் வரை காத்திருக்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, இலையைக் கசக்கி முகருங்கள். பாட்டில் பிரஷ் இலையில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு, தைல வாசனை வரும். வில்லோவில் அது வராது.

இரண்டு, இலையைத் திருப்பிப் பாருங்கள். பாட்டில் பிரஷ்ஷுக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறம், இலை கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஓரத்தில் பல் கிடையாது. பெரும்பாலான வில்லோக்களுக்கு இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், ஓரத்தில் நுணுக்கமான ரம்பப் பல் இருக்கும்.

மூன்று, பழைய கிளையைப் பாருங்கள். சட்டைப் பொத்தான் மாதிரிக் கெட்டியான காய்கள் கிளையோடு ஒட்டி வரிசையாக இருந்தால் அது பாட்டில் பிரஷ். இந்தக் காய்கள் வருடக்கணக்கில் உதிராமல் அப்படியே இருக்கும்.

தழைந்து தொங்குகிற எல்லாவற்றையும் வில்லோ என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் ஊசியாக நிற்கும் நெட்டிலிங்கத்தைக்கூட ஒருவர் என்னிடம் வில்லோ என்று காட்டினார். அதன் இலை பளபளப்பாக, ஓரம் அலை அலையாக இருக்கும். அரளியின் இலையும் வில்லோ இலை போலத்தான். ஆனால் அரளியில் ஒரு கணுவுக்கு மூன்று மூன்றாக இலை வரும். வில்லோவில் ஒன்று விட்டு ஒன்றாக, மாறி மாறி வரும்.

உண்மையான மரம்

பாட்டில் பிரஷ் பூத்த அதே டிசம்பரில், ஓடையின் மேல் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நடந்து போனேன். கூட வந்தவர் தோட்டத்தில் வெகுகாலமாக வேலை பார்க்கும் மலையாளி இனத்துப் பெரியவர். (சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகளின் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர், கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) ஒரு இடத்தில் கரை சரியாமல் அப்படியே நின்றது. அங்கே தண்ணீருக்குள் காலை விட்ட மாதிரி நாலைந்து மரங்கள். பட்டை கரடுமுரடாக, நீளவாக்கில் வெடித்திருந்தது. பழைய இலை பெரும்பாலும் உதிர்ந்து, இளந்தளிர் விட்டுக்கொண்டிருந்தது. தளிரோடு சேர்ந்து விரல் நீளத்துக்குப் பூனைவால் மாதிரிப் பூங்கதிர்கள் தொங்கின. தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"இது என்ன மரம் ஐயா?"

"ஆத்துப்பாலைங்க தம்பி. தண்ணி ஓரத்துல தான் நிக்கும். வெறகுக்குக்கூட ஆவாது."

"இதுல கன்று கிடைக்குமா?"

அவர் சிரித்தார். "கன்னு எதுக்குங்க? ஒரு கொம்ப வெட்டிக் குத்தி வெச்சா வந்துரும்."

நான் மூன்று வருடம் முன்பு படித்ததும் இதையேதான். அந்த மரம் வில்லோ. சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா.

உலகில் நானூறு வகை வரைக்கும் வில்லோ உண்டு. பெரும்பாலானவை வடக்கே குளிர்நாடுகளில் வளர்பவை, இந்தியாவிலும் அநேகமாக எல்லாம் இமயமலைப் பக்கம்தான். தெற்கே தானாக வளர்வது இந்த ஒன்றுதான். இதற்குப் பெயர் வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்து, பிறகு ஆந்திரக் கடற்கரையில் சாமல்கோட்டையில் தோட்டம் போட்டுத் தாவரங்களை ஆராய்ந்தவர். 1790-களில் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய படநூலில் இந்த மரமும் இருக்கிறது. 'டெட்ராஸ்பெர்மா' என்றால் நான்கு விதை. காயைப் பிளந்தால் பஞ்சுக்குள் நாலைந்து விதைதான் இருக்கும்.

ஆற்றுப்பாலையை அடையாளம் காண

நீங்கள் ஓடைக்கரையில் நிற்கிறீர்கள், எதிரே ஒரு மரம். வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

1. இடம். கால் நனையும் இடத்தில் நிற்கிறதா? ஓடை, சுனை, சதுப்பு, ஏரி ஓரம் தவிர வேறெங்கும் தானாக வளராது. மேட்டில் நிற்கும் மரம் என்றால் சந்தேகப்படுங்கள்.

2. இலை. ஈட்டி முனை போல நீண்டு கூரான இலை, ஒரு விரல் நீளத்திலிருந்து ஒரு சாண் வரை. மேலே பச்சை, கீழே சாம்பல் பூசிய வெளுப்பு. காற்றடித்தால் மரமே வெள்ளையாகத் திரும்பும், தூரத்திலிருந்தே தெரியும்.

3. மொட்டு. இது எல்லா வில்லோவுக்கும் பொதுவான அடையாளம். வேறு பல மரங்களின் மொட்டில் செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். வில்லோ மொட்டை ஒரே ஒரு செதில், தொப்பி போட்ட மாதிரி மூடியிருக்கும். கையில் ஒரு சின்ன பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

4. பால். பெயர்தான் ஆற்றுப்பாலை. ஏழிலைப்பாலையையும் வெட்பாலையையும் கிள்ளினால் பால் வரும். இதில் வராது. பால் வந்தால் வேறு மரம்.

5. பூ. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் கதிர் மஞ்சளாக, மகரந்தத்தோடு இருக்கும். பெண் கதிர் பச்சையாக இருந்து, முற்றினால் வெடித்துப் பஞ்சு பறக்கும். பல வில்லோக்களில் ஒரு ஆண் பூவுக்கு இரண்டே மகரந்தத்தாள்தான். ஆற்றுப்பாலையில் அதைவிட நிறைய இருக்கும்.

6. தோற்றம். முக்கியமான விஷயம், இது தழைந்து தொங்காது. சாதாரண மரம் போல நிமிர்ந்துதான் வளரும். நாம் காலண்டரில் பார்த்த வில்லோவை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. எனக்கு நடந்தது அதுதான். அந்த மரங்களை அதற்கு முன் இருபது முறையாவது தாண்டிப் போயிருப்பேன்.

பெயர் தொலைந்த மரம்

தழைந்து தொங்கும் அந்தக் காலண்டர் வில்லோ சீனாவிலிருந்து வந்தது. ஆனால் அதன் பெயர் சாலிக்ஸ் பாபிலோனிகா. பாபிலோன் நதிக்கரையில் மரங்களில் யாழைத் தொங்கவிட்டு அழுததாக வரும் 137-ஆம் சங்கீதத்தை நினைத்து லின்னேயஸ் வைத்த பெயர் அது. அந்த நதிக்கரை மரம் வில்லோவே அல்ல, யூப்ரடீஸ் கரையில் வளரும் ஒருவகைப் பாப்லர் என்றுதான் இப்போது கருதுகிறார்கள். பாரசீக மொழியில் இந்த மரம் மஜ்னூனின் பெயரால் வழங்குகிறது. தலைமுடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் காதல் பித்தன்.

தமிழ் பைபிளில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அலரிச்செடிகள் என்று இருக்கிறது. லேவியராகமத்தில் ஆற்றலரி. அலரி என்றால் நம்முடைய அரளிதான். மொழிபெயர்த்தவர்கள் இலையின் சாயலைப் பார்த்து அந்தச் சொல்லை எடுத்திருக்க வேண்டும். ஆற்றலரி என்ற பெயரில் நம் ஊரில் வேறொரு நீரோரச் செடியும் உண்டு. ஆக, தமிழில் வில்லோவுக்குச் சொல் இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் சொல் இருந்தது. ஆற்றுப்பாலைக்கு வஞ்சி என்றும் ஒரு பெயர் உண்டு. மலையாளத்திலும் அந்தப் பெயர் வழங்குகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் வஞ்சி வருகிறது. பகைவர் நாட்டின் மேல் படையெடுத்துப் போகிறவர்கள் சூடும் பூ வஞ்சி, அதனால் அந்தத் திணைக்கே வஞ்சி என்று பெயர். சங்ககால வஞ்சி எந்தத் தாவரம் என்பதில் அறிஞர்களிடம் ஒத்த கருத்து இல்லை. வஞ்சிக்கொடி என்று சொல்கிறோமே, அது கொடியாகத்தான் இருக்க வேண்டும், எனவே பிரம்பு என்பது ஒரு கட்சி. நீரோரத்து மரமான இந்த வில்லோதான் என்பது இன்னொரு கட்சி. எந்தக் கட்சி வென்றாலும் சரி, இன்று வாழும் பெயர்களில் ஆற்றுப்பாலையும் வஞ்சியும் இருக்கின்றன. நர்சரிக்குப் போய் "வில்லோ" என்று கேட்டு ஏமாறுவதைவிட, ஓடைக்கரைப் பெரியவர்களிடம் "ஆத்துப்பாலை" என்று கேட்பது நல்லது.

குச்சியிலிருந்து மரம்

வில்லோ ஏன் இவ்வளவு எளிதாக வேர்விடுகிறது? பல வில்லோ வகைகளில் இளங்கிளையின் பட்டைக்கு அடியிலேயே வேர் முளைகள் முன்கூட்டித் தயாராக இருக்கின்றன. ஈரம் கிடைத்தால் போதும், வெளியே வந்துவிடும். வெள்ளத்தில் உடைந்து போகும் கிளை எங்கோ ஒதுங்கி அங்கே மரமாவதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது.

விதையிலிருந்து வளர்ப்பது சிரமம். விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே சேமித்த உணவு கிடையாது. மரத்தை விட்டுப் பிரிந்த பிறகு கொஞ்ச நாள்தான் முளைப்புத் திறன். அதற்குள் ஈரமான வண்டலில் விழுந்தாக வேண்டும். எனவே குச்சிதான் நமக்கு வழி. நான் செய்த முறை இது.

இலை உதிர்ந்து புதுத் தளிர் வருவதற்கு முன்பு கிளையை வெட்ட வேண்டும். அப்போதுதான் கிளையில் சேமிப்பு அதிகம். பென்சில் கனத்திலிருந்து கட்டை விரல் கனம் வரை, போன வருடம் வளர்ந்த கிளையாக இருந்தால் சிறப்பு. ஒரு அடி நீளம். அடிப்பக்கம் ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாக, மேல்பக்கம் நேராக வெட்டினால் எது தலை எது கால் என்று குழப்பம் வராது. தலைகீழாக நட்டுவிடக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், இரண்டு மூன்று மொட்டு வெளியே.

டிசம்பர் கடைசியில் வெட்டிய குச்சிகளை ஆற்று மணலும் தோட்ட மண்ணும் கலந்த பைகளில் வைத்து, பைகளை ஒரு தட்டில் தண்ணீர் நிற்கும்படி வைத்தேன். மற்ற கன்றுகளுக்கு இப்படிச் செய்தால் வேர் அழுகும். இதற்கு அதுதான் சொர்க்கம். மூன்று வாரத்துக்குள் மொட்டு விரிந்து, பையின் அடியில் வெள்ளை வேர் தெரிந்தது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கரையில் நட்டேன்.

கரையில் நேரடியாகக் குத்துவதானால் குச்சி இன்னும் பெரிதாக, கட்டை விரல் கனத்துக்கு மேல், இரண்டு மூன்று அடி நீளம் வேண்டும். கடப்பாரையால் முதலில் துளை போட்டுவிட்டு இறக்குங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் பட்டை பிய்ந்துவிடும். குச்சியின் அடி கோடையிலும் ஈரம் இருக்கும் ஆழம் வரை போக வேண்டும், இது முக்கியம். ஒரே கோட்டில் நடாமல் இரண்டு வரிசையாக, ஒன்று விட்டு ஒன்றாக நட்டால் வேர்கள் பின்னிக்கொள்ளும்.

இன்னும் ஒரு விஷயம். குச்சியிலிருந்து வரும் மரம் தாய் மரத்தின் அச்சு நகல். ஆண் மரக்குச்சி ஆணாகத்தான் வளரும். எல்லாவற்றையும் ஒரே மரத்தில் வெட்டினால் கரை முழுக்க ஒரே மரம் நிற்கிற மாதிரி. ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும், விதையும் பிடிக்காது. பூக்கும்போதே ஆண், பெண் பார்த்து அடையாளம் கட்டிவைத்து, நாலைந்து மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

எங்கே நடக் கூடாது

வில்லோ வேர் தண்ணீரைத் தேடிப் போகும். கழிவுநீர்த் தொட்டி, குடிநீர்க் குழாய், கிணற்றுச் சுவர், வீட்டு அஸ்திவாரம் இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். முப்பது நாற்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். கோடையில் வற்றிப்போகும் சின்னச் சுனையின் தலைமாட்டிலும் வைக்க வேண்டாம், நிறைய நீர் குடிக்கும் மரம்.

"அழகுக்கு ஒரே ஒரு வீப்பிங் வில்லோ வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் வைப்பது உங்கள் விருப்பம். ஓடைக்கரையில் வெளிநாட்டு வில்லோ வேண்டாம் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவில் கரை காக்க என்று ஐரோப்பிய வில்லோக்களை நட்டார்கள். உடைந்த கிளையெல்லாம் முளைத்து ஓடைகளையே அடைத்துக்கொண்டன. இன்று பெரும்பாலான வில்லோ வகைகள் அங்கே தேசிய அளவில் ஒழிக்க வேண்டிய களைகளின் பட்டியலில் இருக்கின்றன. எளிதாக வேர்விடும் அதே குணம்தான் இடம் மாறியதும் தொல்லையானது. நமக்கோ சொந்த மரமே ஓடையில் நிற்கிறது.

இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும், தோட்டத்துப் பையன்கள் என்னிடம் முதலில் கேட்டதும் அதுதான். "அண்ணா, இதுல பேட் செய்யலாமா?" முடியாது தம்பிகளா. கிரிக்கெட் மட்டைக்கு ஆவது சாலிக்ஸ் ஆல்பா என்ற வெள்ளை வில்லோவின் ஒரு ரகம், குளிர் தேசத்து மரம். காஷ்மீரில் அனந்த்நாக் பக்கம் மட்டைத் தொழில் நடக்கும் ஊர் ஒன்றின் பெயர் சங்கம். நம் சங்கப் பாட்டு வஞ்சிக்கும் அந்தச் சங்கத்து வில்லோவுக்கும் பேரினம் ஒன்று, அவ்வளவுதான் சம்பந்தம்.

தலைவலி மாத்திரைக்கும் இந்த இனத்தோடு உறவு உண்டு. 1763-இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் வில்லோப் பட்டைப் பொடி காய்ச்சலைத் தணிக்கிறது என்று ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்தப் பட்டையின் சாலிசின் வழியே வந்த ஆராய்ச்சிதான் 1897-இல் பேயர் கம்பெனியில் ஆஸ்பிரினாக முடிந்தது. அதற்காகப் பட்டையை உரித்துக் கஷாயம் வைக்க வேண்டாம். அளவு தெரியாத மருந்து மருந்தல்ல, மரமும் பட்டுப்போகும்.

கரை என்ன ஆயிற்று?

முதல் வருடம் இருபத்து நாலு குச்சி நட்டேன். ஐந்தை ஆடு தின்றது. வில்லோ இலை நல்ல தீவனம், அது ஆட்டுக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் முள் வைத்து அடைத்தேன். நாலு குச்சி மேட்டில் நட்டதால் மாசி வெயிலில் காய்ந்தது. ஆறு வெள்ளத்தோடு போனது. ஒன்பது நின்றது. அடுத்த வருடம் நின்ற ஒன்பதுக்கு நடுவே இடைவெளியில் இன்னும் இருபது. இந்த முறை பதினாறு பிழைத்தது, ஏனென்றால் முன்பு நின்றவை வெள்ளத்தின் வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டன. கிளை ஒடியாமல் தண்ணீரோடு படுத்து, வடிந்ததும் எழுந்துகொள்கிறது. வேருக்கு இடையில் வண்டல் தங்குகிறது.

போன ஐப்பசியில் நல்ல மழை. தண்ணீர் வடிந்த பிறகு சித்தப்பா வளைவுக்குப் போய் அவர் அடித்து வைத்திருந்த முளைக்குச்சியிலிருந்து கயிறு பிடித்து அளந்தார். முந்தின வருட அளவுதான். "இந்த வருசம் போகல" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

பாட்டில் பிரஷ் மரங்கள் இரண்டும் இன்னும் இருக்கின்றன. வெட்டவில்லை. தேன்சிட்டு வருகிறது என்று சித்தி விடவில்லை. அட்டையை மட்டும் கழற்றிவிட்டேன்.

நீங்கள் ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் ஓடையோரம் நடந்தால், இலையைத் திருப்பிப் பாருங்கள், மொட்டின் தொப்பியைப் பாருங்கள். ஆற்றுப்பாலை தென்பட்டால் அந்த ஊரில் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று யாரையாவது கேட்டு, ஊர்ப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.